அல்லாஹ் போர்த்திய போர்வையை மேடையில் உருவாதீர்கள்

இளைஞர்களுக்கான பயான்களையும் சீர்திருத்த நிகழ்ச்சிகளையும் நடத்தும் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் அழைப்பாளர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

சென்ற மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். இளைஞர்களுக்காக ஒரு மாலை நிகழ்ச்சி வைத்திருக்கிறோம், திருந்தி வந்த மூன்று பேர் தங்கள் கதையைச் சொல்லப் போகிறார்கள், மூவரில் ஒருவராக நீங்கள் வர வேண்டும் என்றார். வருகிறேன், தவ்பாவைப் பற்றி, அதாவது பாவத்திலிருந்து மனம் திருந்தி அல்லாஹ்விடம் திரும்புவதைப் பற்றிப் பேசுகிறேன், ஆனால் என் பழைய வாழ்க்கையைப் பேச மாட்டேன் என்றேன். அவருக்கு வருத்தம். "அல்லாஹ் எல்லாத்தையும் மன்னிச்சுடுவான்னு நீங்கதானே பாய் சொல்றீங்க? அப்புறம் மறைக்க என்ன இருக்கு? நீங்க வாயைத் திறந்து சொன்னா பத்துப் பையனாவது திருந்துவான்" என்றார்.

நல்ல மனசோடு கேட்டார். போனில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏதோ முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டேன். அவருக்கு மட்டும் சொல்ல வேண்டியது என்றால் தனியாகவே எழுதியிருப்பேன். ஆனால் திருந்தியவரை மேடையேற்றி அவர் வாயாலேயே பழைய பாவங்களைச் சொல்ல வைப்பது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கும் ஒரு பழைய வாழ்க்கை உண்டு. ஆதமுடைய மக்கள் எல்லோரும் தவறு செய்பவர்கள், அவர்களில் சிறந்தவர்கள் தவ்பா செய்பவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன கூட்டத்தில் நானும் ஒருவன். அது என்ன, எப்போது, யாரோடு என்பதெல்லாம் இந்த மடலில் எங்கேயும் வராது.

நீங்கள் நடத்துவது போன்ற ஒரு நிகழ்ச்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பேசியவர் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர். முதல் பத்து நிமிடம் அவர் அழுதார், கூட்டமும் அழுதது. பிறகு கதை சூடு பிடித்தது. யாரிடம் வாங்குவார், வீட்டில் எங்கே ஒளித்து வைப்பார், தாயிடம் என்ன பொய் சொல்லிப் பணம் கேட்பார் என்று ஒவ்வொன்றாக வந்தது. எனக்கு முன்னால் அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த இரண்டு பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் தவ்பா செய்த பகுதி வந்ததும் ஒருவன் போனை எடுத்துவிட்டான். முடிந்து வெளியே வரும்போது, செருப்பு மாட்டுகிற இடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "அலமாரிக்குப் பின்னாடி வச்சா வீட்ல யாருக்கும் தெரியாதுல்ல?" பேசியவரின் நிய்யத்தை (எண்ணத்தை) நான் துளியும் சந்தேகிக்கவில்லை. அவர் அழுதது உண்மை. ஆனால் அந்த இரண்டு பையன்களும் வீட்டுக்கு எடுத்துப் போனது அலமாரியைத்தான்.

நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) உங்களுக்குத் தெரிந்ததுதான் (புகாரி 6069). என் உம்மத்தினர் (சமுதாயத்தினர்) அனைவரும் மன்னிக்கப்படுவார்கள், பகிரங்கப்படுத்துபவர்களைத் தவிர. ஒருவன் இரவில் ஒன்றைச் செய்கிறான், அல்லாஹ் அதை மறைத்துவிடுகிறான். காலையில் அவனே, "இன்னாரே, நேற்று இரவு நான் இன்னின்னது செய்தேன்" என்கிறான். அவனுடைய இறைவன் இரவெல்லாம் அவனை மறைத்திருந்தான், அவனோ விடிந்ததும் அல்லாஹ்வின் திரையைத் தன் மேலிருந்து விலக்கிவிடுகிறான்.

இது பெருமைக்காகச் சொல்பவனைப் பற்றியது, படிப்பினைக்காகச் சொல்பவனுக்குப் பொருந்தாது என்பீர்கள். அழுதுகொண்டே சொல்பவனும் சிரித்துக்கொண்டே சொல்பவனும் ஒன்றல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹதீஸின் வாசகத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதில் வருபவன் பெருமையடித்தான் என்று இல்லை. சொன்னான், அவ்வளவுதான். ஹதீஸ் அறிஞர் இமாம் நவவீ 'அல்அத்கார்' நூலில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். தன் பாவத்தைப் பிறரிடம் சொல்வது வெறுக்கத்தக்கது. வெளியே வர வழி காட்டுவார், அல்லது தனக்காக துஆ (பிரார்த்தனை) செய்வார் என்ற நம்பிக்கையில் ஓர் ஆசிரியரிடமோ அதைப் போன்றவரிடமோ சொன்னால் குற்றமில்லை. நோயாளி மருத்துவரிடம் சட்டையைக் கழற்றுவது போல என்று நான் புரிந்துகொள்கிறேன். முந்நூறு பேர் உட்கார்ந்த மண்டபத்தில், மூன்று கேமராவுக்கு முன்னால் யாரும் சிகிச்சைக்காகச் சட்டையைக் கழற்றுவதில்லை.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் ஹஸ்ஸால் (ரலி) என்ற நபித்தோழர். மாஇஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் சம்பவத்தைப் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருப்போம். ஹஸ்ஸால் பெயர் அபூர்வமாகத்தான் வரும். மாஇஸ், ஹஸ்ஸாலின் வீட்டில் வளர்ந்த அநாதை. அவர் விபச்சாரத்தில் விழுந்தபோது, "நபியவர்களிடம் போய் நடந்ததைச் சொல், உனக்காகப் பாவமன்னிப்புக் கேட்பார்கள்" என்று அனுப்பி வைத்தவர் ஹஸ்ஸால்தான். வளர்த்த பிள்ளைக்கு ஒரு வழி பிறக்காதா என்ற தவிப்பு அது. அதற்கு மேல் எந்தக் கெட்ட எண்ணமும் அவரிடம் இல்லை.

மாஇஸ் வந்து சொன்னார். நபி (ஸல்) அவர்கள் "திரும்பிப் போ, அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேள், அவனிடம் தவ்பா செய்" என்று திருப்பி அனுப்பினார்கள். சிறிது தூரம் போனவர் திரும்ப வந்தார். மறுபடியும் அனுப்பினார்கள். இப்படியே பல முறை. அஸ்லம் குலத்து மனிதர் ஒருவர் இதற்கு முன் அபூபக்ர் (ரலி) அவர்களிடமும் உமர் (ரலி) அவர்களிடமும் போனதாக முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. அவரும் மாஇஸும் ஒருவரே என்பது அறிஞர்கள் கருத்து. இருவரும் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: தவ்பா செய், அல்லாஹ்வின் திரையால் உன்னை மறைத்துக்கொள். மாஇஸ் விடாமல் வந்து ஒப்புக்கொண்டதால் கடைசியில் அவர் மீது தண்டனை நிறைவேறியது. அதன் பின் மாஇஸின் தவ்பாவை ஒரு சமுதாயத்துக்கே பங்கிட்டால் போதுமானது என்று நபியவர்கள் உயர்த்திச் சொன்னார்கள். அதே நபியவர்கள் ஹஸ்ஸாலிடம் சொன்னது இது: "உன் ஆடையால் அவரை நீ மறைத்திருந்தால் அது உனக்கு நல்லதாக இருந்திருக்கும்."

சகோதரர்களே, திருந்தி வந்தவரிடம் மைக்கை நீட்டும்போது நீங்கள் நிற்பது ஹஸ்ஸால் நின்ற இடத்தில். உங்கள் எண்ணமும் நல்லதுதான், அவருடைய எண்ணமும் நல்லதுதான். அப்படியிருந்தும் நபியவர்கள் அந்த ஆடையைப் பற்றிப் பேசினார்கள்.

இன்னொரு சம்பவமும் இருக்கிறது. அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி 6823). ஒருவர் வந்து, "அல்லாஹ்வின் தூதரே, தண்டனைக்குரிய ஒன்றைச் செய்துவிட்டேன், என் மீது அதை நிறைவேற்றுங்கள்" என்றார். என்ன செய்தார் என்று நபியவர்கள் கேட்கவில்லை. தொழுகை நேரம் வந்தது, அந்த மனிதரும் சேர்ந்து தொழுதார். தொழுகை முடிந்து மறுபடியும் எழுந்து அதையே சொன்னார். "எங்களோடு நீர் தொழவில்லையா?" என்று கேட்டார்கள். தொழுதேன் என்றார். "உம்முடைய பாவத்தை அல்லாஹ் மன்னித்துவிட்டான்" என்றார்கள். அந்தப் பாவம் என்னவென்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. நபியவர்கள் கேட்காமல் இருந்ததையே அனஸ் (ரலி) தனியாகக் குறித்து அறிவிக்கிறார்கள் பாருங்கள், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

சரி, சொல்லாமல் எப்படித் திருத்துவது? "இவருக்கு நம்ம கஷ்டம் என்ன தெரியும்னு பசங்க நினைப்பாங்களே" என்று போனில் அந்தச் சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஓர் இரவு இஷா முடிந்து எல்லோரும் போன பிறகு ஓர் இளைஞன் பள்ளிவாசலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தவன் ஒரே ஒரு விளக்கை மட்டும் விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாயின் பிசிறை இழுத்துக்கொண்டே பேசினான். பேசி முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "நீங்க எப்பவாச்சும் இந்த மாதிரி மாட்டியிருக்கீங்களா?"

நெஞ்சு அடித்துக்கொண்டது. "சே, நானா?" என்றால் அது பொய். பாவத்தை மறைக்கச் சொன்ன மார்க்கம் பொய் சொல்லச் சொல்லவில்லை. "ஆமா, இதேதான்" என்று ஆரம்பித்திருந்தால் அந்த இரவு அவனுடையதாக இல்லாமல் என்னுடையதாகப் போயிருக்கும். "அல்லாஹ்வோட மன்னிப்பு இல்லாம ஒரு நாள்கூட ஓட்ட முடியாதவன்தான் நானும். உன் விஷயத்துக்கு வா. அந்த நம்பர் இன்னும் போன்ல இருக்கா?" என்றேன். இருந்தது. அங்கேயே அழிக்கச் சொன்னேன். அவன் விரல் கொஞ்ச நேரம் திரையின் மேலேயே நின்றது. பிறகு அழித்தான்.

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் வேலைக்கான பேச்சு. எந்த நேரத்தில் மனசு இழுக்கிறது, அந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும், எந்த வழியாக வீட்டுக்குப் போகக் கூடாது, கைமீறிப் போகும் போலிருந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும். முதல் வாரத்தைவிட மூன்றாவது வாரம்தான் கஷ்டமாக இருக்கும், அப்போது பயந்துவிடாதே என்றும் சொல்லி வைத்தேன். எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு உளூச் செய்துவிட்டு வந்து இரண்டு ரக்அத் தொழுதான். பாவம் செய்தவன் நன்றாகச் சுத்தம் செய்துகொண்டு இரண்டு ரக்அத் தொழுது மன்னிப்புக் கேட்டால் அல்லாஹ் மன்னிக்கிறான் என்று அபூபக்ர் (ரலி) வழியாக வரும் ஹதீஸை நம்பித்தான் அப்படித் தொழச் சொன்னேன்.

நான் சொல்ல வருவது இதுதான். விழுந்து எழுந்தவனுக்கு எந்த இடத்தில் வழுக்கும் என்று தெரியும். அந்த அறிவை முழுசாகக் கொடுக்கலாம். எங்கே கற்றாய் என்பதைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. நபியவர்களும் ஒருவர் செய்த தவறைத் திருத்தும்போது ஆளைக் காட்டாமல், "சிலருக்கு என்ன ஆயிற்று, இப்படி இப்படிச் செய்கிறார்களே" என்று பொதுவாகத்தான் பேசுவார்கள். பிறர் பாவத்துக்கே அந்தத் திரை என்றால் நம் பாவத்துக்கும் அதைப் போட்டுக்கொள்வதில் என்ன தவறு?

இதைச் செய்யும்போது மனசுக்குள் ஒரு குரல் கேட்கும். நீ நயவஞ்சகன், உள்ளே ஒன்று வெளியே ஒன்று, உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று. திருந்தி வந்து பிறருக்கு உதவும் ஒவ்வொருவருக்கும் இந்தக் குரல் தெரியும். மேடையில் எல்லாவற்றையும் கொட்டிவிடத் துடிப்பவர்களில் பலர் இந்தக் குரலை அடக்கத்தான் கொட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். குடல்கள் வெளியே சரிந்து நரகத்தில் சுற்றி வருபவனைப் பற்றிய ஹதீஸ் உண்மையிலேயே பயங்கரமானது. ஆனால் அவன் யார்? நன்மையை ஏவிக்கொண்டே தான் அதைச் செய்யாமல் இருந்தவன், தீமையைத் தடுத்துக்கொண்டே அதைச் செய்துகொண்டிருந்தவன். நேற்று விட்டுவிட்டு வந்ததைச் சொல்லாதவனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பாவத்திலிருந்து தவ்பா செய்தவன் பாவமே இல்லாதவனைப் போன்றவன் என்று இப்னு மாஜா ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. இல்லாததை மறைப்பது எப்படி நயவஞ்சகமாகும்? குறையே இல்லாதவன்தான் நன்மையை ஏவ வேண்டும் என்றால் ஏவுவதற்கு யாருமே இருக்க மாட்டார்கள் என்று முற்கால அறிஞர் ஸயீத் இப்னு ஜுபைர் சொன்னதாகவும், அதைக் கேட்ட இமாம் மாலிக் "உண்மைதான், குறை இல்லாதவன் யார்?" என்று கேட்டதாகவும் நூல்களில் பதிவாகியிருக்கிறது.

மறைப்பதில் வேறொரு கஷ்டம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. ஆட்கள் உங்களை நல்லவர் என்று நம்பிவிடுவார்கள். ஸலாம் சொல்லும்போது கையை இறுக்கிப் பிடிப்பார்கள், பிள்ளையைக் கூட்டிவந்து ஓதிவிடச் சொல்வார்கள். அப்போது உள்ளே எரியும். பாவங்களுக்கு வாடை இருந்திருந்தால் என் பக்கத்தில் யாராலும் உட்கார முடியாது என்று முற்கால அறிஞர் முஹம்மத் இப்னு வாஸிஃ சொன்னதை அந்த நேரங்களில்தான் நான் புரிந்துகொண்டேன். புகழும்போது அபூபக்ர் (ரலி) கேட்டதாக வரும் துஆ எனக்குக் கைகொடுக்கிறது. இவர்களுக்குத் தெரியாததை எனக்கு மன்னித்துவிடு, இவர்கள் நினைப்பதைவிட என்னைச் சிறந்தவனாக்கு, இவர்கள் சொல்வதற்காக என்னைப் பிடித்துவிடாதே. இந்த எரிச்சலோடுதான் நாங்கள் வேலை செய்கிறோம். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது எங்களுக்குத் தேவையும்கூட.

எல்லாவற்றையும் மூடி மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தவ்பாவுக்கு நிபந்தனைகள் சொல்லும்போது இமாம் நவவீ 'ரியாளுஸ் ஸாலிஹீன்' தொடக்கத்திலேயே எழுதுகிறார்: பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், திரும்பப் போக மாட்டேன் என்று உறுதி கொள்ள வேண்டும், மனிதர்களின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். பிறர் பணத்தைத் தின்றவன் மேடையில் அழவும் வேண்டாம், போர்வைக்குள் ஒளியவும் வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். பிள்ளைகளிடம் அத்துமீறியவன், இன்னும் தீங்கு செய்யக்கூடியவன் விஷயத்தில் திரை என்ற பேச்சுக்கே இடமில்லை. தீங்கு செய்வதில் பேர்போனவனை மறைக்கக் கூடாது, அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று நவவீயே 'ஸஹீஹ் முஸ்லிம்' ஹதீஸ் தொகுப்புக்கு எழுதிய விரிவுரையில் பிரித்துக் காட்டுகிறார். அப்படிப்பட்டவனைத் "திருந்திவிட்டான்" என்று சொல்லி நம் பள்ளிவாசலுக்குள் பிள்ளைகளோடு விட்டுவைத்தால் அந்தக் குற்றம் நம் தலையில்தான்.

ஊரறிந்த விஷயமும் வேறு. தபூக் போருக்குப் போகாமல் பின்தங்கிய கஅப் இப்னு மாலிக் (ரலி) தன் கதையைத் தானே விரிவாகச் சொல்லியிருக்கிறார். 50 நாள் மதீனாவில் யாரும் அவரோடு பேசவில்லை, அவருடைய தவ்பாவைப் பற்றி அல்லாஹ்வே வசனம் இறக்கினான். மறைக்க அங்கே ஒன்றுமே இல்லை. அதை எடுத்துக்காட்டி, யாருக்கும் தெரியாத ஒன்றைத் தோண்டி எடுக்கச் சொல்லாதீர்கள்.

மேடையில் கதை சொல்பவர் யோசிக்க மறப்பது ஒன்று உண்டு. பாவத்தில் பெரும்பாலும் அவர் தனியாக இருந்திருக்க மாட்டார். கூட ஒரு நண்பன் இருந்திருப்பான், ஒரு பெண் இருந்திருப்பாள். அவர்களும் இதற்குள் தவ்பா செய்திருக்கலாம், எங்கேயோ ஒரு வீட்டில் நிம்மதியாக இருக்கலாம். பெயரைச் சொல்லாவிட்டாலும் ஊரையும் ஆண்டையும் சொன்னால் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். வீடியோ வேறு இருக்கிறது. அழிக்கச் சொன்னாலும் அழியாது. பத்து வருடம் கழித்து அவருடைய மகள் அதைப் பார்ப்பாள்.

தப்ஸீர் தபரி என்ற குர்ஆன் விரிவுரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. ஒரு பெண் தவறிவிட்டாள், பிறகு நல்ல முறையில் தவ்பா செய்தாள். அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள். நடந்ததைச் சொல்ல வேண்டுமா என்று அவளுடைய வீட்டைச் சேர்ந்த ஒருவர் உமர் (ரலி) அவர்களிடம் வந்து கேட்கிறார். அல்லாஹ் மறைத்ததை நீ வெளிப்படுத்தப் போகிறாயா, யாரிடமாவது சொன்னால் உன்னை எல்லோருக்கும் பாடமாகும்படி தண்டிப்பேன், கற்புள்ள ஒரு முஸ்லிம் பெண்ணை எப்படி மணமுடித்துக் கொடுப்பாயோ அப்படிக் கொடு என்றார்கள் உமர். மார்க்க விஷயத்தில் யாருக்கும் வளைந்து கொடுக்காத உமர் சொன்னது இது.

யூஸுஃப் (அலை) அவர்களையும் நினைத்துப் பாருங்கள். சகோதரர்கள் கிணற்றில் போட்டார்கள், பிறகு அடிமையாக விற்கப்பட்டார். எத்தனையோ ஆண்டுகள் கழித்துப் பெற்றோரும் சகோதரர்களும் அவர் முன் நிற்கிறார்கள். அல்லாஹ் தனக்குச் செய்த அருள்களைச் சொல்கிறார். "என்னைச் சிறையிலிருந்து வெளியேற்றினான்" என்கிறார் (அல்குர்ஆன் 12:100). கிணற்றைச் சொல்லவில்லை. சிறைக்கு முன்னால் கிணறுதானே வந்தது? "எனக்கும் என் சகோதரர்களுக்கும் இடையில் ஷைத்தான் பிரிவினையை உண்டாக்கிய பிறகு" என்று முடித்துக்கொள்கிறார். தவறு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் எதிரில் நிற்கும்போது கிணறு என்ற வார்த்தைகூட அவர் வாயில் வரவில்லை.

அதனால் நீங்கள் குறித்திருக்கும் தேதிக்கு இன்ஷா அல்லாஹ் நான் வருகிறேன். கேட்ட நேரம் முழுவதும் பேசுகிறேன். "தங்களுக்குத் தாங்களே வரம்பு மீறிய என் அடியார்களே, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள்" என்ற 39:53 வசனத்தில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். மறுமையில் அல்லாஹ் ஒரு முஃமினை (இறைநம்பிக்கையாளனை) தனக்கு அருகில் அழைத்து, தன் திரையால் அவனை மூடி, இந்தப் பாவம் தெரியுமா, அந்தப் பாவம் தெரியுமா என்று மெதுவாகக் கேட்பதையும், "உலகில் இவற்றை உனக்காக மறைத்தேன், இன்று உன்னை மன்னிக்கிறேன்" என்று சொல்வதையும் இப்னு உமர் (ரலி) அறிவித்தபடி சொல்கிறேன். அந்த மற்ற இருவரையும் என்னோடு சேர்த்து உட்கார வையுங்கள். அவர்கள் எப்படி வெளியே வந்தார்கள், இப்போது எப்படி நிற்கிறார்கள் என்று கேளுங்கள். எதிலிருந்து வெளியே வந்தார்கள் என்று கேட்காதீர்கள். பழைய நிகழ்ச்சிகளின் வீடியோக்கள் உங்கள் கையில் இருந்தால், பேசியவர்களைத் தனித்தனியாக அழைத்து, எடுத்துவிடவா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு பள்ளிவாசலை உடனே பூட்டிவிடாதீர்கள். ஓரத்தில் ஒரு விளக்கு எரியட்டும். மேடையில் கேட்டதை வைத்து யாராவது ஒரு பையன் தனியாகப் பேச வருவான். அவன் பேசி முடிக்கும் வரை நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

வஸ்ஸலாம்.